ஏவ்பரியில் ஒரு நாள் முழுக்கப் பார்க்க என்ன இருக்கிறது?

ஆகஸ்டில் குடும்பத்தோடு லண்டன் வருகிறீர்கள், வெளியூர் போக ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்துக்கு என்று முடிவு செய்திருந்தபோது யாரோ அதேபோலக் கல்வட்டம் உள்ள ஏவ்பரி என்ற கிராமத்தைச் சொன்னார்கள், அந்தச் சின்ன ஊரில் நாள் முழுக்கப் பார்க்க என்ன இருக்கும், பத்து வயதுப் பையனுக்கும் முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கும் சரிப்படுமா என்பது உங்கள் கேள்வி. இங்கிலாந்துக்கு வந்த பிறகு நான் அதிகமாகப் போன ஊர் ஏவ்பரிதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அவசரமாக விடை வேண்டுமென்றால்: ஏவ்பரிக்கே போங்கள், ஆனால் காலையிலேயே போங்கள், போனதும் முதலில் அருங்காட்சியகத்துக்குள் நுழையுங்கள்.

ஸ்டோன்ஹெஞ்சைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, அது வேறு வகையான அற்புதம். ஆனால் அங்கே வழக்கமான நேரத்தில் கற்களைக் கொஞ்சம் தள்ளி நின்று சுற்றிவந்துதான் பார்க்க முடியும், கல்வட்டத்தின் குறுக்களவும் சுமார் 30 மீட்டர்தான். ஏவ்பரியின் வெளிவட்டம் குறுக்கே சுமார் 330 மீட்டர். உலகத்திலேயே பெரிய கல்வட்டம் இதுதான். அதற்குள்ளே தார்ச்சாலை ஓடுகிறது, வீடுகள் இருக்கின்றன, புல்கூரை வேய்ந்த ரெட் லயன் என்ற பப் இருக்கிறது, ஆடுகள் மேய்கின்றன. கற்களைப் பார்க்க டிக்கெட் கிடையாது. ஐந்தாயிரம் வருடத்துக்கு நெருக்கமான ஒரு கல்லின் மேல் உங்கள் பையன் கையை வைத்துப் பார்க்கலாம், அதன் நிழலில் அம்மா உட்காரலாம். 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி என்ற பழஞ்சின்ன ஆய்வாளர் இந்த இரண்டையும் ஒப்பிட்டு, ஒரு பெரிய கதீட்ரலுக்கு முன்னால் ஊர்ச் சிறுகோயில் எப்படியோ, ஏவ்பரிக்கு முன்னால் ஸ்டோன்ஹெஞ்ச் அப்படி என்ற பொருளில் எழுதிவைத்தார்.

நான் முதல்முறை போனபோது காரை நிறுத்திவிட்டு, நாலு கல்லைப் பார்த்து, போட்டோ எடுத்து, டீ குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். இவ்வளவுதானா என்று இருந்தது. அதற்குக் காரணம் இடம் பெரிது என்பதுதான். எங்கே நின்றாலும் முழு வட்டமும் ஒரே பார்வையில் அகப்படாது, நடுவில் வீடும் மரமும் சாலையும் மறைக்கும். ஒரு வரைபடத்தை மனதில் ஏற்றிக்கொண்டு நடந்தால்தான், இந்த வரிசை இங்கே வளைகிறது, அதன் தொடர்ச்சி அந்தத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் போகிறது என்று பிடிபடும். அதனால்தான் அருங்காட்சியகம் முதலில் என்றேன்.

இருப்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். கி.மு. 2850க்கும் 2200க்கும் இடையில், பல கட்டங்களாக, இங்கே மனிதர்கள் ஒரு மாபெரும் வட்ட அகழியைத் தோண்டி, தோண்டிய சுண்ணப்பாறையை வெளிப்பக்கம் கரையாகக் கொட்டினார்கள். சுற்றளவு ஒரு கிலோமீட்டருக்கும் மேல். கையில் இரும்பு கிடையாது, செம்மானின் கொம்புதான் கடப்பாரை. இன்றைக்கு அகழி பாதிக்குமேல் தூர்ந்து புல் மூடிக் கிடக்கிறது, அப்படியும் அடியில் இறங்கி நின்றால் மேலே நிற்பவர் சின்னதாகத் தெரிவார். 1908இல் தொடங்கி 1922 வரை விட்டுவிட்டு அகழாய்வு செய்த ஹெரால்ட் செயின்ட் ஜார்ஜ் கிரே அடிமட்டம் வரை தோண்டியபோது எடுத்த படங்களைப் பாருங்கள், வெள்ளைச் சுவருக்குக் கீழே ஆட்கள் எறும்பு மாதிரி நிற்பார்கள். புதிதாகத் தோண்டிய காலத்தில் பச்சைப் புல்வெளிக்கு நடுவே இந்த முழு வட்டமும் வெள்ளை வெளேரென்று இருந்திருக்கும். அகழியின் உள்விளிம்பை ஒட்டிச் சுமார் நூறு கற்கள், அதற்குள்ளே வடக்கே ஒன்று தெற்கே ஒன்று என்று இன்னும் இரண்டு வட்டங்கள். கற்கள் எல்லாம் சார்சன் என்கிற கடினமான மணற்கல், பக்கத்து மேட்டு நிலங்களில் இயற்கையாகவே தரைமேல் கிடந்தவை. செதுக்கவில்லை, கிடந்த வடிவத்திலேயே நிமிர்த்தி நட்டிருக்கிறார்கள். வடக்கு வட்டத்துக்குள் கோவ் என்று சொல்லப்படும் இடத்தில் இரண்டு கற்கள் நிற்கின்றன, அதில் ஒன்று மண்ணுக்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்தால் நூறு டன் வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள்.

சரி, நூறு கல் நட்ட வட்டத்தில் இன்று இவ்வளவு குறைவாக ஏன் இருக்கிறது? இந்தக் கேள்விதான் ஏவ்பரியின் முழுக் கதையும், ஊருக்குள் நடக்கும்போது கண்ணில் படவேண்டியதும் இதுதான்.

14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஊர்க்காரர்கள் பல கற்களைச் சாய்த்து, பக்கத்திலேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். கிறிஸ்தவம் வேரூன்றிய ஊரில் இவை பழைய தெய்வங்களின் மிச்சம் என்ற பயம் காரணமாக இருக்கலாம், உழவுக்கு இடைஞ்சல் என்பதும் இருக்கலாம். 1938இல் அப்படிப் புதைந்த ஒரு கல்லைத் தூக்கியபோது அடியில் ஒரு ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. அவனோடு ஒரு கத்தரிக்கோல், ஒரு இரும்புச் சலாகை, 1320களைச் சேர்ந்த வெள்ளிக் காசுகள். முடிவெட்டுவதும் ரணசிகிச்சை செய்வதும் ஒரே ஆள் பார்த்த காலம் அது, ஊர் ஊராகப் போன அப்படியொருவன் கல்லைச் சாய்க்கக் கைகொடுக்க வந்து அதனடியில் நசுங்கிச் செத்தான் என்று கதை எழுதப்பட்டது. அந்த எலும்புகள் லண்டனில் இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் அழிந்துவிட்டதாக ரொம்ப நாள் நம்பினார்கள். 1990களின் கடைசியில் அவை பத்திரமாக இருப்பது தெரிந்து மறுபடி ஆராய்ந்தபோது, கல் விழுந்து நசுங்கியதற்கான அடையாளம் எதுவும் எலும்பில் இல்லை. ஏற்கனவே இறந்தவனை அந்தக் குழியில் வைத்திருக்கவும் கூடும். தென்மேற்குப் பகுதியில் பார்பர் ஸ்டோன் என்ற பெயரில் அந்தக் கல் இன்று நிமிர்ந்து நிற்கிறது, பையனுக்கு இந்தக் கதையை அங்கே நின்று சொல்லுங்கள்.

புதைத்தது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று, மண் காப்பாற்றியது. உண்மையான நாசம் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நடந்தது. கல்லைக் குழிக்குள் சாய்த்து, சுற்றிலும் வைக்கோலை அடைத்துத் தீ மூட்டி, சூடேறியதும் கோடு போட்டாற்போலத் தண்ணீரை ஊற்றிச் சம்மட்டியால் அடித்தால் சார்சன் விரிந்து பிளந்துவிடும். அப்படி உடைத்த துண்டுகள்தான் ஊரின் வீடுகளும் சுவர்களும். தெருவில் நடக்கும்போது சுவர்களின் அடிப்பகுதியைப் பாருங்கள், செங்கல்லுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய கட்டிகள் தெரியும். வட்டத்துக்குள்ளேயே இருக்கும் பழைய சேப்பலையும் (சின்ன ஜெபக்கூடம்) அந்தக் கல்லை வைத்துத்தான் கட்டினார்கள். அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாத போதகர்கள் நகரங்களுக்கு ஐந்து மைலுக்குள் வரக்கூடாது என்று 1665இல் சட்டம் வந்தபோது, அப்படி விலக்கப்பட்டவர்கள் கூடுவதற்கு வசதியான இடமாக ஏவ்பரி அமைந்தது. இந்தச் சேப்பல் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரியும். ஒரு காலத்து மக்கள் தங்கள் நம்பிக்கைக்காக இழுத்து வந்த கல், இன்னொரு காலத்து மக்களின் நம்பிக்கைக்குச் சுவராகியிருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள்மேல் கோபம் வருவதில்லை. குளிர்காலத்துக்கு முன்னால் வீடு கட்டவேண்டியவனுக்கு வாசலில் கிடப்பது கல்தான்.

இதையெல்லாம் பதிவு செய்ய ஆட்கள் இருந்தார்கள் என்பது நம் அதிர்ஷ்டம். ஆப்ரி 1649 ஜனவரியில் வேட்டைக்கு வந்தவர் தற்செயலாக இதைக் கண்டார், 1663இல் அரசர் இரண்டாம் சார்லஸையே கூட்டிவந்து காட்டினார். அப்புறம் வில்லியம் ஸ்டக்லி, 1719 முதல் 1724 வரை வருடாவருடம் வந்து, கண் முன்னால் கற்கள் உடைபடுவதைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றையும் அளந்து வரைந்தார். இது பழைய கெல்டிக் மக்களின் ட்ரூயிட் பூசாரிகள் கட்டியது என்று அவர் சொன்னது தவறு, கட்டி முடித்து இரண்டாயிரம் வருடம் போனபின் வந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர் வரைந்த படங்கள் இல்லாவிட்டால் இன்று பாதி வட்டம் எங்கே இருந்தது என்றே தெரிந்திருக்காது. 19ஆம் நூற்றாண்டில் வட்டத்துக்குள் வீட்டுமனை போட இருந்த நிலத்தை வங்கி முதலாளியும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் லப்பக் காசு கொடுத்து வாங்கித் தடுத்தார். பிரிட்டனின் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1882இல் வந்ததற்கு முக்கியக் காரணம் அவர்தான், பின்னால் பிரபுப் பட்டம் கிடைத்தபோது ஏவ்பரி என்ற பெயரையே எடுத்துக்கொண்டார்.

இன்று நீங்கள் பார்க்கும் ஏவ்பரியை உண்டாக்கியவர் அலெக்சாண்டர் கீலர். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து மார்மலேட் குடும்பத்து வாரிசு. ஆரஞ்சு ஜாம் காசில் மண்ணை வாங்கி அகழாய்வு செய்தவர். பழங்காலத் தடயங்கள் உள்ள பக்கத்து விண்ட்மில் ஹில்லில் வானொலிக் கம்பம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு அந்தக் குன்றையே வாங்கிவிட்டார். 1934 முதல் 1939 வரை புதைந்திருந்த கற்களைத் தேடி எடுத்து, அவை நின்ற குழியிலேயே திரும்ப நட்டார். கல் உடைந்து போன இடங்களில் குட்டையான கான்கிரீட் தூண்களை வைத்தார், வரிசையில் நடக்கும்போது அவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். ஆனால் அவருடைய கனவில் ஊருக்கு இடமில்லை. வட்டத்துக்குள் இருந்த வீடுகளையும் கொட்டகைகளையும் வாங்கி இடிக்க ஆரம்பித்தார், 1943இல் அவர் 12,000 பவுண்டுக்கு, பழைய இடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் இடத்தை விற்ற பிறகும் அந்த எண்ணம் கொஞ்ச காலம் தொடர்ந்தது. வட்டத்துக்குள் இருந்த குடும்பங்கள் பல மேற்கே ஏவ்பரி ட்ரஸ்லோவில் கட்டிய வீடுகளுக்குப் போயின. கீலரின் உழைப்பு இல்லாவிட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது என்பது உண்மை, அதற்கு எத்தனையோ குடும்பங்கள் தலைமுறையாக இருந்த வீட்டை விட்டார்கள் என்பதும் உண்மை. போர் வந்து அவர் வேலை பாதியில் நின்றதால் மேற்குப் பாதியில்தான் கற்கள் நெருக்கமாக நிற்கின்றன. கிழக்குப் பாதி புல்வெளியாகவே கிடக்கிறது, ஆனால் காலி என்று நினைக்காதீர்கள், 2003இல் தோண்டாமலே கருவிகளால் ஆராய்ந்தபோது குறைந்தது 15 கற்கள் மண்ணுக்குள் படுத்திருப்பது தெரிந்தது. நீங்கள் அவற்றின் மேல்தான் நடப்பீர்கள்.

அருங்காட்சியகம் கீலர் பெயரில்தான் இருக்கிறது, மேனர் வீடு என்ற பழைய மாளிகையை ஒட்டிய குதிரைலாயத்திலும் புல்கூரை வேய்ந்த பெரிய களஞ்சியத்திலும் இரண்டு பகுதியாக. மான்கொம்புக் கடப்பாரைகள், மண்பாண்டங்கள், அப்புறம் விண்ட்மில் ஹில்லில் கிடைத்த சின்னக் குழந்தையின் எலும்புக்கூடு, சார்லி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைத் திரும்பப் புதைக்கவேண்டும் என்று 2006இல், அந்தப் பழைய பூசாரிகளின் வழியைப் பின்பற்றுவதாகச் சொல்லும் இன்றைய ட்ரூயிட் அமைப்பு ஒன்று கேட்டது, மக்களிடம் கருத்துக் கேட்டபின் அங்கேயே இருக்கட்டும் என்று 2010இல் முடிவாயிற்று. பையனுக்கு எலும்புக்கூடு பயம் என்றால் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள். ஒரு மணி நேரம் போதும்.

போகும் வழி: லண்டன் பேடிங்டனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஸ்விண்டன், அங்கிருந்து டிவைசஸ் போகும் 49ஆம் நம்பர் பஸ், அரைமணி நேரத்தில் ஊருக்குள்ளேயே இறக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, அந்த வாரத்து நேரப்பட்டியலைப் பார்த்துவிட்டு நாளை முடிவு செய்யுங்கள். ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் விலையில் நிறைய வித்தியாசம் இருக்கும். கார் என்றால் தெற்கே இருக்கும் நேஷனல் டிரஸ்ட் பார்க்கிங்கில் காசு கட்டி நிறுத்துங்கள். தெருவில் வீட்டு வாசல்களை மறித்து நிறுத்துவதைப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கும், அது ஆட்கள் குடியிருக்கும் ஊர்.

வட்டத்துக்குள் அம்மாவுக்குப் பெரிய சிரமம் இருக்காது, புல்தரைதான், ஆனால் சின்னக் கேட்டுகளைத் திறந்து மூடிப் போகவேண்டும், ஆட்டுப்புழுக்கை இருக்கும், செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடட்டும். மண்கரையின் மேல் ஏறுவது மட்டும் செங்குத்து, மழை பெய்திருந்தால் சுண்ணமண் சோப்பு மாதிரி வழுக்கும், அதை நீங்களும் பையனும் பார்த்துக்கொள்ளுங்கள். தெற்கு வாசலில் டெவில்ஸ் சேர் என்ற கல்லில் இயற்கையாகவே ஒரு இருக்கை போலக் குழிவு இருக்கிறது, பையன் அதில் உட்காராமல் வரமாட்டான். வடக்கே சாலையை ஒட்டி ஒரு மாபெரும் வைர வடிவக் கல், ஸ்விண்டன் ஸ்டோன், நட்ட நாளிலிருந்து விழாமல் நிற்கும் சிலவற்றில் ஒன்று. நடுராத்திரியில் சாலையைக் கடந்து போகும் என்று ஊரில் கதை. ஓட்டுநர்கள் வேகமாக வரும் வளைவு அது, பையனின் கையை விடாதீர்கள்.

மதியச் சாப்பாட்டை பப்பிலோ அருங்காட்சியகத்துப் பக்கத்து கஃபேயிலோ முடித்துக்கொள்ளலாம். சைவம் என்றால் தேர்வு குறைவு, அதனால் நான் எப்போதும் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போய்க் கரையோரம் உட்கார்ந்து சாப்பிடுவேன். கிழக்கு மண்கரையில் பீச் (beech) மரங்கள் நிற்கும் இடம் அருமை, வேர்கள் எல்லாம் மண்ணுக்கு வெளியே பின்னிக்கொண்டு படர்ந்திருக்கும், கிளைகளில் யார் யாரோ வேண்டிக்கொண்டு கட்டிய ரிப்பன்கள் ஆடும்.

சாப்பிட்ட பிறகு அம்மாவுக்குத் தெம்பு இருந்தால் தெற்கு வாசலிலிருந்து கிளம்பும் கல்வரிசையில், வெஸ்ட் கென்னட் அவென்யூவில், முடிந்த தூரம் நடக்கட்டும். ஜோடி ஜோடியாக நிற்கும் கற்களில் ஒரு பக்கம் நெட்டையான தூண், எதிரே சதுரத்தை முனையில் நிறுத்தினாற்போல அகலமான கல் என்று மாறிமாறி வரும். ஒருகாலத்தில் இது இரண்டரை கிலோமீட்டர் போய், ஓவர்ட்டன் குன்றில் சாங்ச்சுவரி என்ற சின்ன வட்டத்தில் முடிந்தது. அங்கே இன்று கான்கிரீட் அடையாளங்கள்தான், நேரமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள். விடக்கூடாதது வெஸ்ட் கென்னட் நீள்மேடு. நூறு மீட்டர் நீளமுள்ள மண்மேடு, வாசலில் ஆளுயரத்துக்கும் பெரிய கற்கள், உள்ளே ஐந்து கல்லறைகள், கி.மு. 3650 வாக்கில் கட்டியது. கல்வட்டத்தைவிட ஏழெட்டு நூற்றாண்டு மூத்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன, அத்தனை பேரையும் வைத்தது ஒரு தலைமுறைக் காலத்துக்குள்தான் என்று பிந்தைய கார்பன் ஆய்வு சொல்கிறது. ஏ4 சாலையோரத்திலிருந்து வயல் வழியே ஏற்றத்தில் பதினைந்து நிமிட நடை, அம்மாவுக்கு இது வேண்டாம், அவர் கஃபேயில் இருக்கட்டும். சின்ன டார்ச் எடுத்துப்போங்கள், உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள், அந்தக் கரி கல்லில் ஏறினால் எடுக்கவே முடியாது.

போகும் வழியெல்லாம் சில்பரி ஹில் தெரிந்துகொண்டே இருக்கும். கி.மு. 2400 வாக்கில் மனிதர்கள் கொட்டி எழுப்பிய சுண்ணமேடு, வரலாற்றுக்கு முந்தைய ஐரோப்பாவில் இதைவிடப் பெரியது இல்லை. உள்ளே புதையலோ அரசனோ இருப்பான் என்று 1776இல் உச்சியிலிருந்து கிணறு வெட்டினார்கள், 1849இல் பக்கவாட்டில் சுரங்கம் தோண்டினார்கள், 1968இல் தொலைக்காட்சிக் கேமராக்களோடு மறுபடியும். யாரும் இல்லை. அந்தப் பழைய கிணறு 2000இல் உள்வாங்கி உச்சியில் பெரிய பள்ளம் விழுந்து, 2007, 2008இல் சுண்ணத்தை நிரப்பிச் சரிசெய்தார்கள். மேட்டைப் பாதுகாப்பதற்காக மேலே ஏற அனுமதி இல்லை, வேலியைத் தாண்டி ஏறுகிறவர்களைப் பார்த்து நீங்களும் போகவேண்டாம்.

மழை வந்தால் மேனர் வீடு நல்ல ஒதுங்குமிடம், ஆனால் திறந்திருக்கிறதா என்று முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம், சாக்ஸன் காலத்துச் சுவர், அதாவது சுமார் ஆயிரம் வருடப் பழமையானது, உள்ளது, கரைக்கு வெளியே நிற்கிறது. அந்தக் காலத்துக் குடியிருப்பும் வட்டத்துக்கு வெளியேதான் தொடங்கியது, ஊர் உள்ளே நுழைந்தது பிறகு. வருடத்தின் மிக நீண்ட பகலான ஜூன் 21ஐ ஒட்டி வருவதானால் கூட்டம் வேறு மாதிரி இருக்கும், ஆகஸ்டில் அந்தக் கவலை இல்லை.

ஒன்றே ஒன்று, கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைக் குறிவைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அரைமணி நேரம் இருக்கும்போது தென்மேற்குப் பகுதிக்கு, பார்பர் ஸ்டோன் பக்கம் திரும்பி வாருங்கள். ஆகஸ்ட் மாலையில் வெயில் தாழ்வாக விழும், கற்களின் நிழல் புல்மேல் நீளும், கான்கிரீட் தூண்களுக்கும் நிழல் இருக்கும். பகலில் நடந்தபோது அகப்படாத வளைவு அந்த நேரத்தில் உங்கள் அம்மாவுக்கும் தெரியும். பஸ் நிறுத்தம் அங்கிருந்து சில நிமிட நடைதான்.